கனகாவின் அரக்கு ஜாக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, சாருலதா அக்காவின் கல்யாண ஜாக்கெட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள். செல்லூரில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கு முன் அறை ஒன்று, உள் அறை ஒன்று, அடுப்படி ஒன்று. முன் அறை ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின் கிடந்தது. அதன் காலடியில் பாயை விரித்து, பிளேடைப் பாதியாக ஒடித்து விரலிடுக்கில் பிடித்துக்கொண்டாள். நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், கடைசியில் நூலின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. பட்டு முனகிக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது.

நல்ல அரக்கு நிறம். மாம்பழ மஞ்சள் சேலைக்கு அரக்குக் கரை. அந்தக் கரையோடு சேர்ந்து போகும் ஜாக்கெட். கல்யாணத்தன்று ஒரு தடவை, அப்புறம் இரண்டு மூன்று விசேஷம், அதோடு பீரோவில் ஏறியதுதான். அக்குளில் மட்டும் வேர்வை பட்டு வெளுத்திருந்தது. தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணியையும் பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை பிரித்து விட்டாயிற்று. இனி அகலப்படுத்த வேண்டுமென்றால் வேறு துணி சேர்த்தால்தான் உண்டு.

போன வாரம் கனகா அந்தச் சேலையை எடுத்து வரச் சொல்லி மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா காதுகுத்துக்கு இந்தச் சேலதான்,” என்றாள். “சேலைக்கு ஒண்ணும் ஆகல. கல்லு மாதிரி இருக்கு. ஜாக்கெட்டுத்தான் தேறாது. நீ பாத்து ஒரு வழி பண்ணு.”

யார் உடுத்த என்று அவள் சொல்லவில்லை. சாருலதாவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அக்காவின் சேலை, அக்காவின் ஜாக்கெட், அக்கா மகளின் காதுகுத்து.

“சரி, கையக் காட்டு. அளவு எடுத்துக்கிறேன்.”

“அளவு எதுக்கு? ஒனக்குத் தெரியாத அளவா?”

“வலது கை தெரியும். இடது கைதான் வாரத்துக்கு ஒரு அளவா இருக்கே.”

“ரெண்டையும் ஒண்ணாவே வையி.”

“ஒண்ணா வச்சா எப்டிக்கா ஏறும்?”

“ஏறும். நீ வையி.” கனகா சேலையைத் திரும்ப மடிக்க ஆரம்பித்தாள். பேச்சு முடிந்தது என்றால் அவள் எதையாவது மடிப்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கனகாவுக்கு மார்பில் கட்டி வந்து இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்ததில் அந்தக் கை நினைத்தபோது வீங்கிக்கொள்ளும். ஊசி, மருந்து, முடி கொட்டியது, மறுபடி முளைத்தது எல்லாம் ஆகி, சரியாகிவிட்டது என்று மேலூருக்குப் புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இடுப்பு வலிக்கிறது என்றாள். படம் எடுத்துப் பார்த்தால் எலும்பில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். டாக்டர் ஒருநாள் அம்மாவையும் கனகாவின் புருஷன் மருதுவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த இருவரும் சாருலதாவிடம், “மாத்திரைய மாத்தியிருக்காக,” என்று தனித்தனியாக, ஒரே மாதிரி சொன்னார்கள். அப்படி ஒரே மாதிரி சொன்னதில்தான் அது மாத்திரை விஷயம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அக்காவின் துணியைப் பிரிப்பது சாருலதாவுக்குப் புதிதல்ல. அவள் உடம்பில் ஏறியதெல்லாம் கனகா உடம்பிலிருந்து இறங்கியதுதான். இரண்டு பேருக்கும் ஏழு வயது வித்தியாசம். அதனால் ஒன்று கழற்ற ஒன்று போட என்று உடனே கைமாறாது. தகரப் பெட்டியில் அந்துருண்டையோடு காத்துக்கிடக்கும். அப்பா நல்லகாமன் லாரி செட்டில் மூட்டை தூக்கியவர். சாருலதா ஆறாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்தார். அம்மா பஞ்சவர்ணம் அப்பளக் கம்பெனிக்குப் போய்த்தான் இரண்டையும் வளர்த்தாள். அந்த வீட்டில் எதுவும் வீணாகாது. பெட்டியைத் திறந்தால் சாருலதாவுக்கு வரப்போகும் வயதெல்லாம் அடுக்கடுக்காக மடித்து வைத்திருக்கும். பத்து வயதில் என்ன போடப்போகிறோம், பன்னிரண்டில் என்ன என்பது அவளுக்கு ஆறு வயதிலேயே தெரியும்.

அப்படியே எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள் அம்மா. அதில் அவளுக்கு ஒரு கௌரவம் இருந்தது. விளக்குத்தூண் துணிக்கடைகள் பக்கம் போய் ஒரு முழம் புதுத்துணி வாங்கி வருவாள். பாவாடைக்கு அடியில் புதுக் கரை, கவுனுக்குப் புதுக் காலர், கை போன சட்டைக்குப் புதுக் கை. தைத்து முடித்ததும் கிண்ணியில் மஞ்சளைக் குழைத்து, புதுத்துணி ஒட்டிய மூலையில் ஒரு விரல் தொட்டு வைப்பாள். கடையிலிருந்து வந்த துணிக்கு எல்லார் வீட்டிலும் வைப்பார்களே, அதே மஞ்சள்.

“புதுத்துணி சேந்துருச்சுல்ல? இனி இது புதுசு. ஒன்னுது,” என்பாள்.

மஞ்சள் வைத்த பிறகு மறுபேச்சுக் கிடையாது. பிடிக்கவில்லை என்றோ, பெரிதாக இருக்கிறது என்றோ, மற்ற பிள்ளைகள் சிரிக்கும் என்றோ சொல்வதெல்லாம் மஞ்சளுக்கு முன்னால். ஒரு தடவை, எட்டாவது படிக்கும்போது, மஞ்சள் வைத்த பாவாடையைக் கழற்றி எறிந்துவிட்டாள். அம்மா அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். நாலாம் நாள் சாருலதாவே அதை எடுத்து உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

கனகா காலத்துத் தாவணிச் சீருடை சாருலதா ஒன்பதாவது போகும்போது சுடிதாராகிவிட்டது. அம்மா அசரவில்லை. பாவாடைகளைக் கிழித்துக் கால்சட்டை ஆக்கினாள். ஒரு கால் ஒரு நிறமும் இன்னொரு கால் இன்னொரு நிறமுமாக இருந்தது. “ஏன்டி, ஒரு காலு மட்டும் வெயில்ல நின்னுச்சா?” என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். அந்த வருஷம்தான் சாருலதா மெஷினில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு அரசாங்கத்தில் இலவசமாகக் கிடைத்த மெஷின் அது. ஒட்டுத் தெரியக் கூடாது, அதுதான் அவளுக்கு வேண்டியது. பள்ளிக்கூடம் முடிவதற்குள் அவள் போடும் ஒட்டை அவளே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாகிவிட்டது.

இப்போது டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் ஆல்ட்டரேஷன் பார்க்கிறாள். கால் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அவளும் கடைத்துணி வாங்கிப் போடாமல் இல்லை. ஆனால் எதற்கும் மனசு நிறையவில்லை. அப்போதுதான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாம்பிள் தைக்கிற பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, போய்த் தைத்துக் காட்டினாள்; எடுத்துக்கொண்டார்கள். இதுவரை யாருமே போடாத ஒன்றை முதல் ஆளாக வெட்டித் தைக்கிற வேலை. தங்க ஹாஸ்டல். காதுகுத்து முடிந்த மறுவாரம் சேர வேண்டும். சேரும் நாளில் போட என்று விளக்குத்தூணில் அரக்கு நிறத்தில் ஒரு துணி எடுத்து வைத்திருந்தாள். அவள் இதுவரை வாங்கியதிலேயே உசத்தி அதுதான்.

“போயிட்டு வாடி,” என்று முதலில் சொன்னது கனகாதான். அது டாக்டர் கூப்பிட்டுப் பேசுவதற்கு முன்னால். அதற்குப் பிறகு திருப்பூர்ப் பேச்சை எடுத்தால், “காதுகுத்து முடியட்டும்,” என்று அம்மா சொன்னாள். கனகா எதையாவது மடித்தாள்.

மேலூரில் கிரானைட் பாலிஷ் போடுகிற பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தான் மருது. வாயாடி. கல்யாணப் பந்தியில் சாருலதா பரிமாறிக்கொண்டு வந்தபோது, அவள் கட்டியிருந்த பட்டுப்பாவாடை கனகாவின் சடங்குப் பாவாடை என்பதை யாரோ ஒரு சொந்தக்காரி வாய்தவறி அல்ல, வேண்டுமென்றே சொல்லிவைத்தாள். சாருலதாவுக்கு முகம் சுண்டிப்போனது. மருது இலையிலிருந்து நிமிர்ந்தான்.

“அக்கா பழசெல்லாம் கொழுந்தியாளுக்குத்தானா? அப்பக் கொஞ்சம் பொறு ஆத்தா. நானும் ஒரு நாளைக்குப் பழசாயிருவேன்ல? வந்துர்றேன்.”

பந்தியே சிரித்தது. சாருலதா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள்.

“வாங்க மச்சான், வாங்க. பழசு வந்தா, பழந்துணி எடுக்குற பாத்திரக்காரன்ட்டப் போட்டு ஒரு டிபன் பாக்ஸ் வாங்கிருவேன்.”

“டிபன் பாக்ஸா? இம்புட்டு ஒடம்ப வச்சிருக்கேன், ஒரு குண்டாகூடத் தேற மாட்டனா?”

அன்றைக்கு அவள் மானத்தைக் காப்பாற்றியது அந்தச் சிரிப்புதான். அதிலிருந்து மருது எப்போது வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “என்ன கொழுந்தியா, பாத்திரக்காரன் வந்தானா?” என்பான். “வந்தான் மச்சான். ஒங்களக் காட்டினேன். இதுக்குப் பாத்திரம் தர முடியாது, வேணும்னா நீங்க காசு குடுங்க, எடுத்துட்டுப் போறேன்னான்,” என்பாள். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்று சொல்ல வேண்டும் என்பது இருவருக்கும் பழக்கமாகிவிட்டது. கனகா உள்ளேயிருந்து, “ரெண்டும் லூசுக,” என்று கத்துவாள்.

கனகா இங்கே வந்து தங்கிய பிறகும் அவன் மேலூரிலிருந்து வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான், ஆனால் அந்தப் பேச்சு நின்றுபோனது. எப்போது நின்றது என்று சாருலதா யோசித்துப் பார்த்தாள். டாக்டர் கூப்பிட்டுப் பேசிய அந்த வாரத்தோடு. மனசு சரியில்லை, பாவம் என்றுதான் நினைத்தாள். ஆனால் எதிர்வீட்டுக்காரரோடு வாசலில் நின்று அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. பால்காரனைக் கேலி பண்ணினான். படியேறி உள்ளே வந்ததும் வாய் மூடிக்கொண்டது. “சாப்டியா சாரு?” என்றான் ஒருநாள். கொழுந்தியா, ஏத்தா, ஊசிப்பட்டாசு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறானே தவிர, பேர் சொல்லி அவன் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. அவளுக்கு என்னவோ போலிருந்தது. இன்னொன்றும் கவனித்தாள். கனகாவுக்குப் பூ வாங்கி வருவான். அதில் கிள்ளி கனகா இவளுக்குக் கொடுப்பாள். இப்போது இரண்டு பொட்டலமாக வந்தது.

பாப்பாவுக்குப் பேர்ராசி பார்க்கிறவர் சொல்லி வைத்த பேர் பிரியம்வதா. வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையாமல் பாப்பாவே நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் அது அழுதால் கனகா முடியாத இடுப்போடு எழுந்து ஓடுவாள். வேறு யாராவது தூக்கினால் பிடுங்கிக்கொள்வாள். இப்போது அது அம்மாவிடம் ஒட்டிக்கொண்டு வந்தால், “சித்திட்டப் போ,” என்றாள். சோறு ஊட்டச் சொன்னால், “சித்தி ஊட்டும்.” தலை பின்ன வந்தால், “சித்திட்டப் பின்னிக்க.” ஒருநாள் பிள்ளை சாருலதாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனது. கனகா கட்டிலில் படுத்தபடி அந்த இரண்டு பேரையும் துணிக்கடையில் சேலையும் ஜாக்கெட்டும் சேருகிறதா என்று பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் சாருலதா ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்துகொண்டாள். அக்கா இனி அதிக நாள் இல்லை. எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. தன்னிடம் மட்டும் சொல்லாமல் மறைக்கிறார்கள். அதனால்தான் அந்த ஜாக்கெட்டில் சாருலதாவுக்கு அவ்வளவு பிடிவாதம். காதுகுத்தன்று அக்கா அந்தச் சேலையைக் கட்டி, கை வலிக்காமல், நெஞ்சில் பள்ளம் தெரியாமல், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதை மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தள்ளிப்போகும் என்று ஒரு நினைப்பு. முட்டாள்தனம் என்று தெரிந்தாலும் கை ஓடிக்கொண்டிருந்தது.

பிரித்த துண்டுகளைப் பாயில் பரப்பிவைத்து, சேர்க்கிற துணியைத் தேடினாள். கடையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். ஒன்று கறுத்தது, ஒன்று பளபளத்தது. வீட்டுக்கு வந்து, திருப்பூர் போக வாங்கி வைத்திருந்த தன்னுடைய துணியைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழைய பட்டும் புதிய துணியும் ஒரே தறியில் விழுந்தது போல இருந்தன. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாக்பீஸால் கோடு போட்டு, கத்திரியை வைத்தாள்.

கத்திரிச் சத்தம் கேட்டுக் கனகா சுவரைப் பிடித்துக்கொண்டு முன் அறைக்கு வந்தாள்.

“ஏய், அது ஒன் திருப்பூர்த் துணில்ல?”

“இருக்கட்டும். நான் வேற எடுத்துக்கிறேன்.”

“வெட்டிட்டியா?”

“வெட்டியாச்சு. இனி ஒட்டவா முடியும்?”

கனகா குனிய முடியாமல் குனிந்து அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் வந்தது அழுகை இல்லை. பெரிய சுமையை இறக்கி வைத்தவள் போல ஒரு ஆசுவாசம். “நீயா வெட்டுனியா?” என்றாள் மறுபடியும். “நல்லது. ஒன் துணியே இருக்கட்டும்.”

அதில் நல்லது என்ன என்று சாருலதாவுக்கு விளங்கவில்லை.

அளவு எடுக்க விடாததால், மதியம் கனகா அசந்து தூங்கும்போது ஒரு நூலை எடுத்து அந்த இடது கையைச் சுற்றி அளந்தாள். வலது கையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. தோல் இழுத்துப்பிடித்து மினுங்கியது. இதற்குப் போய் ‘ரெண்டையும் ஒண்ணா வையி’ என்கிறாளே, தன் கை வீங்கியிருப்பதை ஒத்துக்கொள்ளக்கூட வீம்பு என்று நினைத்துக்கொண்டாள். நூலை அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்தாள். சொன்னதைக் கேட்காமல் தன் இஷ்டப்படி இடது கையை அகலமாகவே வெட்டினாள். வித்தியாசம் தெரியாமல் இருக்கத் தோளில் சின்னச் சுருக்கம். பழைய கையிலிருந்த ஜரிகைக் கரையைப் பிரித்துப் புதுக் கையில் உட்கார வைத்தாள். விலாவில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை. வெளுத்துப்போன அக்குளில் ஒரு முக்கோணத் துண்டு. இடது பக்கம் உள்ளே, பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. அது கனகாவின் எல்லா ஜாக்கெட்டுக்கும் அவள் வைத்துக் கொடுப்பது.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிக் கொக்கியைக் கட்டி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டே இல்லை. உள் அறையில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. கனகா தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள்.

கனகா ஜாக்கெட்டை வாங்கி விலாவை விரலால் தடவினாள். “எதுடி பழசு? எதுடி புதுசு?”

“அது தெரியக் கூடாதுல்ல.”

“சேலையும் அங்க இருக்கு பாரு. எடுத்துக் கட்டு. பாக்குறேன்.”

“நீதான போடணும்? எந்திரி, நான் மாட்டி விடுறேன்.”

“நீ போடு சாரு.”

கையைத் தூக்க முடியவில்லை போலிருக்கிறது, நம் மேல் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, எடுத்துக்கொண்டு முன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஜாக்கெட்டைப் போட்டு, சேலையைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் கொசுவம் வைத்தாள். இடது கை தொளதொளத்தது. நெஞ்சில் அந்தப் பஞ்சு மெத்தை இன்னொருத்தியின் உடம்பு போல அழுத்திக்கொண்டிருந்தது. திரும்பி உள்ளே வந்து, “எப்டி? கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கனா?” என்று இடுப்பில் கை வைத்து நின்று காட்டினாள்.

கனகா சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். கையில் கிண்ணி இருந்தது. அம்மா பக்கத்தில் வந்து, ஜாக்கெட்டின் அடி மடிப்பில், புதுத்துணி ஒட்டியிருக்கும் மூலையைச் சரியாகத் தேடிப் பிடித்து, ஒரு விரல் மஞ்சளைத் தொட்டு வைத்தாள்.

“எனக்கு எதுக்கும்மா வைக்கிற? அக்கா போடும்போது வையி.”

அம்மா விரலை முந்தியில் துடைத்தாள்.

“அந்த எடது கை ஏன்டி இம்புட்டு லூசா இருக்கு?” என்றாள் கனகா. “ரெண்டையும் ஒண்ணாவே வையின்னு சொன்னேன்ல.”

“ஒன் கைக்குத்தான்க்கா அளந்தேன். நீ தூங்கும்போது.”

“என் கைக்கு வைக்கச் சொல்லி நான் எப்பச் சொன்னேன்?”

தெருவில் யாரோ மிக்சர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மணியடித்துப் போனார்கள். சாருலதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காதுகுத்துல நான் நிக்க மாட்டேன் சாரு,” என்றாள் கனகா. யாருக்கோ வழி சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். “அம்புட்டுத் தூரம் வண்டியில உக்காந்து வந்தாலே பெருசு. ஒங்க மச்சான் பக்கத்துல நீ நிக்கணும். இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு, பாப்பாவப் பிடிச்சுக்கிட்டு. அவுக ஆளுக எல்லாரும் வருவாக. பாத்தாப் புரிஞ்சுக்குவாக. அதுக்கப்புறம் அவருக்கு வேற எவளையும் தேட மாட்டாக.”

“என்னக்கா பேசுற நீ?”

“எவளோ ஒருத்தி வந்து எம்புள்ளைக்குத் தல சீவி விடுறாப்ல நெனச்சுப் பாத்தேன். முடியலடி.”

சாருலதாவுக்குக் காலில் கொசுவம் சிக்கியது போலிருந்தது. நகர்ந்தால் விழுந்துவிடுவாள்.

“நாளைக்கு ஒண்ணு ஆகிப்போனா அந்தத் துணியத் தொடக் கூடாதுத்தா,” என்றாள் அம்மா, கிண்ணியைப் பார்த்தபடியே. “இப்ப உசுரோட, அவ கையால, மனசாரக் குடுக்குறா. அதுல ஒரு குத்தமும் இல்ல. புதுத்துணியும் சேந்துருச்சு.”

“திருப்பூரு?” என்றாள் சாருலதா.

கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. எலும்பெல்லாம் வலியோடு சாய்ந்து கிடப்பவளிடம் போய் வேலையைப் பற்றி. ஆனால் கேட்காமல் விட்டிருந்தாலும் அதே கேள்விதான் வாயில் நின்றிருக்கும்.

“ஒங்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு நான் தவிச்சுக்கிட்டுக் கெடந்தேன்,” என்றாள் கனகா. “நீயே அந்தத் திருப்பூர்த் துணிய எடுத்து இதுக்கு வெட்டுன பாரு, சாமியே சொன்னாப்ல இருந்துச்சுடி எனக்கு.”

“நான் ஒனக்காக வெட்டுனேன்க்கா.”

“தெரியும்.”

“மச்சானுக்குத் தெரியுமா இது?”

கனகா சேலையைப் பொதிந்து வைத்திருந்த வெறும் துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அம்மா, “குக்கர் வச்சிருக்கேன்,” என்று அடுப்படிக்குப் போனாள்.

வாசலில் பைக் வந்து நின்ற சத்தம் கேட்டது.

சாருலதா முன் அறைக்கு வந்தாள். மருது செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியைத் தாண்டிக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் இரண்டு பொட்டலம் பூ. நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். அவன் கண் சேலைக்குப் போனது, அந்தச் சேலையை அடையாளம் கண்டுகொண்டது, பிறகு தரைக்கு இறங்கியது.

அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. இது அக்காவும் அம்மாவும் உள்ளே உட்கார்ந்து பின்னிய பின்னல். இந்த மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேலி பேசினால் போதும். எல்லாம் அந்த நிமிஷமே பிரிந்து விழுந்துவிடும். கொழுந்தியாளைக் கேலி பண்ணுகிறவன் கொழுந்தியாளை வேறு மாதிரி நினைக்கவில்லை என்று அர்த்தம். பந்தியில் அன்றைக்குக் காப்பாற்றினானே, அதுபோல.

“என்ன மச்சான், பயந்துட்டீகளா?” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. “இன்னிக்கிப் பாத்திரக்காரன் வந்தான்.”

அடுத்த பேச்சு அவனுடையது. இத்தனை வருஷமாக அவனுடையதுதான். சாருலதா காத்திருந்தாள். அடுப்படியில் குக்கர் சத்தம் போட்டு ஓய்ந்தது. உள் அறையில் துண்டு மடிக்கும் சத்தமும் நின்றிருந்தது.

மருது ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

“ஒங்களுக்கு ஒரு குண்டா தாரேங்குறான் மச்சான். பெரிய குண்டா. போட்டுறவா?”

அவன் தொளதொளவென்று தொங்கிய ஜாக்கெட்டின் இடது கையைப் பார்த்தான். உதடு ஒரு தடவை அசைந்தது. ஒரு பொட்டலத்தை மட்டும் தையல் மெஷின் மேல், அவள் கைக்கு எட்டுகிற ஓரத்தில் வைத்தான். சேலை தன் மேல் பட்டுவிடாமல் சுவரோரமாக ஒதுங்கி, தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டி உள் அறைக்குப் போனான்.

“மச்சான்,” என்றாள் சாருலதா. கதவு சாத்திக்கொண்டது.